மூடிச் சிறகு

புயல் வந்து தென்னைகளில் பாதியைச் சாய்த்துவிட்டுப் போனதற்கு அடுத்த வருஷம், கார்த்திகை மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு வாரத்தில், ஈச்சங்காட்டு மதியழகனின் மனைவி இளவஞ்சிக்கு முதுகு கெட்டியாயிற்று. முதலில் தோள்பட்டைக்குக் கீழே இரண்டு பக்கமும் காய்ப்பு விழுந்ததுபோலத் தடித்தது, தடிப்பு நகம்போல் வழவழத்துக் கீழே இறங்கியது, இறங்கி இடுப்பெலும்புக்குச் சற்று மேலே வந்து நின்றது. நின்றபோது அது முற்றிய நாவல்பழத்தின் கறுப்பில், வெயில் பட்டால் உள்ளே பச்சை ஓடுகிற கறுப்பில், நடுமுதுகில் தலைமயிர் கனத்துக்கு ஒரு நேர்கோடு விழுந்து, இரண்டு பாளங்களாக இருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பழைய ரவிக்கை எதுவும் சேரவில்லை என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே சங்கடம். தையல்காரர் அளவெடுத்துப் பார்த்துவிட்டு, "பின்னால திறந்து விட்டு ரெண்டு நாடா வெச்சுடறேன், காத்தோட்டமாவும் இருக்கும்" என்றார். மதியழகன் விரல் முட்டியால் ஒருமுறை தட்டிப் பார்த்து, "கொட்டாங்கச்சி மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த மரங்களின் குருத்தில் கொம்பு வண்டு குடைகிறதா என்று பார்க்க, வண்டு குத்தியெடுக்கும் கம்பியோடு தோப்புக்குப் போய்விட்டான். வேர் மேலாகக் கவிழ்ந்து கிடந்த மரங்களையே பார்த்துப் பழகிப்போன ஊர், ஒரு பெண்ணின் முதுகைப் பார்த்துத் திகைப்பதற்குத் தெம்பில்லாமல் இருந்தது.

ஊர் அவளைத் திரும்பிப் பார்த்தது பொங்கலுக்குப் பிறகுதான். கோயில் தோப்பில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் குனிந்திருந்தபோது, மரத்தின் உச்சியிலிருந்து காம்பறுந்த முற்றிய காய் ஒன்று நேராக அவள் முதுகில் விழுந்தது. கூட இருந்த பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு அலறினார்கள். கண்ணைத் திறந்தபோது காய் மட்டையோடு இரண்டாகப் பிளந்து கிடந்தது, மணக்க மணக்கத் தேங்காய்த் தண்ணீர் அவள் விலாவில் வழிந்துகொண்டிருந்தது, இளவஞ்சி நிமிர்ந்து முந்தானையால் துடைத்துக்கொண்டு, "என்னாச்சு, ஏன் கத்துறீங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் கோயில் தர்மகர்த்தா வைரக்கண்ணு வீடு தேடி வந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் பெரிய மாமா. கல்யாணமாகிப் பல வருஷமாகப் பிள்ளையில்லாத தன் மகளைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, கையில் மஞ்சள் பூசிய ஒரு தேங்காயை வைத்துக்கொண்டு, அவர் கண்கலங்கி நின்றார்.

"ஏத்தா வஞ்சி, காளி சன்னதித் தோப்புல, காளி மரத்துக் காய், உன் முதுகுல உடைஞ்சிருக்குது. அதுக்கு அர்த்தம் இல்லாம இருக்குமா? எம்மகளுக்காக ஒண்ணே ஒண்ணு உடைச்சுக்கறேன். வலிக்கும்னா வேணாம்."

இளவஞ்சி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைக்காக ஏங்கி ஏங்கிக் கன்னம் ஒட்டிப்போன முகம். "வலிக்காது மாமா, உடைச்சுக்கங்க" என்று வாசலிலேயே மண்டியிட்டுக் குனிந்தாள். அவள் இரக்கப்பட்டுக் குனிந்தது அது ஒருமுறைதான். பிறகு குனிந்ததெல்லாம் வழக்கம்.

ஏனென்றால் சித்திரைக்குள் வைரக்கண்ணுவின் மகள் முழுகாமல் இருந்தாள். அதன்பின் காய்கள் வரத் தொடங்கின. சிங்கப்பூர் போக விசா கிடைக்காதவர்கள் வந்தார்கள், வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு நடப்பவர்கள் வந்தார்கள், குடிக்கிற புருஷனை இழுத்துக்கொண்டு மனைவிமார் வந்தார்கள், மனைவி ஓடிப்போன புருஷன்மார் தனியாக வந்தார்கள். வந்தவர்கள் அவள் கழுத்தருகே குனிந்து வேண்டுதலைச் சொல்லிவிட்டுப் பிறகு ஓங்கி உடைத்தார்கள். காளி கோயில் முன்மண்டபத்தில் அவள் மண்டியிட ஒரு கருங்கல் போட்டார்கள், முட்டி வலிக்கக் கூடாதென்று அதன்மேல் ஒரு பஞ்சு மெத்தை போட்டார்கள், வெயில் படக் கூடாதென்று மேலே தகரம் வேய்ந்தார்கள். இத்தனை அன்பாக ஓர் ஊர் ஒருத்தியைப் பார்த்துக்கொண்டதில்லை என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொன்னார்கள். திருவிழாவில் கடைசி வரிசையில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்த மதியழகனுக்குப் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்தார்கள். புயலுக்குப் பிறகு முதுகு கூனி நடந்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தான், அதைப் பார்க்க இளவஞ்சிக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊரிலுள்ள எல்லோருடைய ஆசையும் அவள் காதில் விழுந்தது. அவளுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அவளுடைய மகள் அல்லி இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலங்களில் அம்மாவைக் குப்புறப் படுக்கவைத்து, அந்த நேர்கோட்டில் இறங்கிப் புளித்துப்போன தேங்காய்த் தண்ணீரை ஈரத் துணியால் ஒற்றி எடுப்பதும், மொய்க்கிற கட்டெறும்பை ஊதி விரட்டுவதும் அவள் வேலை. ஒருநாள் அப்படித் துடைத்துக்கொண்டிருந்தவள் முதுகில் காதை வைத்துப் படுத்து, "அம்மா, உள்ள என்னமோ பாலிதீன் பை கசங்குற மாதிரி சத்தம் கேக்குது" என்றாள்.

"வயிறு கத்துறதா இருக்கும்டி."

"வயிறு இல்ல. நீ மூச்சு விட்டா கசங்குது. விடாட்டி சும்மா இருக்குது."

இளவஞ்சி அன்று நெடுநேரம் மூச்சை இழுத்தும் விட்டும் பார்த்தாள்.

தோப்புகளில் வண்டு பிடிக்கிற வாளிப் பொறிகளைப் பார்வையிட, கடற்கரைப் பக்கத்து ஊரிலிருந்து மைமூன் என்றொரு பெண் ஸ்கூட்டியில் வந்து போவாள். பூச்சிகளைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்தவள். மரத்தில் தொங்கும் வாளியை இறக்கி, மருந்து வாசனைக்கு மயங்கி விழுந்து செத்த கொம்பு வண்டுகளைக் கொட்டி எண்ணிக்கொண்டு போவாள். மறுவருஷம் ஒரு முற்பகலில், கோயிலுக்குப் போகுமுன் தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்த இளவஞ்சியின் முதுகை அவள் பின்னாலிருந்து பார்த்தாள். கும்பிடவில்லை. அருகில் வந்து, "தொட்டுப் பாக்கவாக்கா?" என்று கேட்டாள். தொடுவதற்கு முன்னால் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

கோட்டின் மேல் விரலை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்துவிட்டு, "உக்காருங்கக்கா, ஒண்ணு காட்டறேன்" என்றாள். இருவரும் கீழே விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்தார்கள். மைமூன் ஒரு செத்த வண்டை மட்டையின்மேல் வைத்தாள். பக்கத்துச் செடியிலிருந்து ஒரு நாவாய்ப்பூச்சியைப் பிடித்து அதன் அருகில் வைத்து விரலால் அழுத்திக்கொண்டாள்.

"பாக்க ரெண்டும் ஒண்ணுபோல இருக்குதா? ரெண்டுக்கும் தலை, நெஞ்சு, வயிறுன்னு மூணு துண்டு. ஆறு கால். எலும்பு உள்ள கிடையாது, மேல இருக்கற ஓடுதான் எலும்பு. அது வரைக்கும் ஈ, எறும்பு, தும்பி எல்லாம் ஒரே சாதி. இனிமேதான் வித்தியாசம். இந்த நாவாய்ப்பூச்சிக்கு வாய் ஊசி, குத்தி உறிஞ்சும். வண்டுக்கு வாய் கத்திரி, கடிச்சு மெல்லும். முதுகைப் பாருங்க, இதுக்கு றெக்கை ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, பெருக்கல் குறி மாதிரி கிடக்குது. வண்டுக்கு?"

"நேரா கோடு" என்றாள் இளவஞ்சி.

"ஆமா. தும்பிக்கு நாலு றெக்கையும் பறக்கற றெக்கை. ஈக்கு முன்னாடி ரெண்டு மட்டும் பறக்கும், பின்னாடி ரெண்டும் சிறுத்துக் குச்சியாப் போச்சு. வண்டுக்கு முன் றெக்கை ரெண்டும் பறக்கறதை விட்டுட்டு மூடியாப் போச்சு. இந்தக் கோடுதான் அதோட வாசல்."

மைமூன் நகத்தை அந்தக் கோட்டில் கொடுத்து நெம்பினாள். கறுத்த மூடிகள் இரண்டும் இரு கதவுகளாகத் திறந்தன. உள்ளே தேனின் நிறத்தில், நரம்போடிய மெல்லிய ஒன்று மடிந்து கிடந்தது. அதன் நுனியைப் பிடித்து அவள் மெதுவாக இழுக்க, அது ஒரு மடிப்பு விரிந்து, மறு மடிப்பு விரிந்து, வண்டையே விட நீளமாக மட்டையின்மேல் படுத்தது. தோப்பு வெயில் அதனூடே போய் மட்டையில் தங்கமாக விழுந்தது.

இளவஞ்சி அந்தத் தங்க வெளிச்சத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு, "இவ்வளவு பெரிசா இதுக்குள்ள இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"இருக்கும்க்கா. அது கிழியாம இருக்கத்தான் மூடி. அடி வாங்கறதுக்கு இல்ல."

"திரும்ப உள்ள வெச்சுட முடியுமா?"

"உசிரோட இருந்தா அதுவா வெச்சுக்கும். வயித்தைத் தூக்கித் தூக்கி, அவசரமில்லாம மடிச்சுக்கும். நாம கையால மடிச்சோம்னா கிழிஞ்சிடும்." மைமூன் கொஞ்சம் தயங்கினாள். "சில வண்டு இருக்குக்கா, தரையிலேயே நடந்து பொழைச்சுக்கும். பறக்கத் தேவையே இல்லாமப் போயி, மூடி ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கும். உள்ள றெக்கையும் அத்துப்போயிடும்."

"எத்தனை நாள்ல?"

"நாள்ல இல்லக்கா, தலைமுறை தலைமுறையா." அவள் இளவஞ்சியின் முதுகை இன்னொரு முறை பார்த்தாள். "உங்களுக்கு எப்படின்னு எனக்குத் தெரியல. ஒரு காயும் இனி உடைக்க விடாதீங்க."

இளவஞ்சி அன்றே மண்டபத்துக்குப் போனாள், ஆனால் குனியவில்லை. கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு, தர்மகர்த்தாவையும் தன் புருஷனையும் ஊர்க்காரர்களையும் பார்த்து, உள்ளே றெக்கை இருக்கிறது, அது நசுங்குகிறது, இனி உடைக்க வேண்டாம் என்று சொன்னாள். ஒருவரும் கோபப்படவில்லை. வைரக்கண்ணு பேரனை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே, மிகவும் கனிவாக, "றெக்கையா? வண்டுக்குத்தானத்தா றெக்கை. நீ மனுஷி இல்லையா? மனுஷி எங்கயாச்சும் பறப்பாளா?" என்றார்.

"அடி வாங்க மட்டும் வண்டு, பறக்கன்னா மனுஷியா மாமா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், நல்ல பதில் என்று ரசித்துத்தான் சிரித்தார்கள். வைரக்கண்ணுவும் சிரித்தார். "வர்ற ஆடித் திருவிழா முடியட்டும். ஊரு உலகத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. அப்புறம் பேசிக்குவோம்."

வீட்டுக்கு வரும் வழியில் மதியழகன் அவளிடம், "இந்தா, றெக்கை இருந்தா எங்க போவே?" என்று கேட்டான். அவள் அதை யோசித்திருக்கவில்லை. "எங்கயும் போகல. ஒருதரம் மேல போயி, நம்ம ஊர் எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு வருவேன்" என்றாள். அது உண்மை. ஆனால் மதியழகன் அதன்பின் சாப்பிடும்போதுகூட அவளைப் பார்த்தபடியே சாப்பிட்டான்.

ஆடித் திருவிழா அன்று உச்சி வெயிலில், வரிசை கோயிலைச் சுற்றி, குளத்தைச் சுற்றி, தார் ரோட்டைத் தாண்டி நின்றது. பம்பை முழங்கிக்கொண்டிருந்தது, இளவஞ்சியைக் கல்மெத்தையில் மண்டியிட வைத்திருந்தார்கள். முதல் காய் உடைக்கும் மரியாதை மதியழகனுக்கு. அவன் பரிவட்டத்தோடு, மஞ்சள் வேட்டியோடு வந்து, காளியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக் காயை ஓங்கினான். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. ஏனென்றால் அந்த நேரத்தில் இளவஞ்சி மூச்சை ஆழமாக இழுத்து, அத்தனை நாளும் எறும்பும் புளித்த தண்ணீரும் மட்டுமே போய்வந்த அந்தக் கோட்டைத் திறந்தாள்.

மூடிகள் இரண்டும் பக்கவாட்டில் உயர்ந்தன. அவற்றின் அடியிலிருந்து தேன்நிறச் சிறகுகள் ஈரத்தோடு வெளியே வந்தன. ஒரு மடிப்பு விரிந்தது, இன்னொரு மடிப்பு விரிந்தது, விரிந்து மண்டபத்தின் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரைக்கும் நீண்டன. காய்கள் விழுந்த இடங்களில் அங்கங்கே வெளிறிய தழும்புகள் இருந்தன, இடது சிறகில் ஒரு கிழிசல்கூட இருந்தது, இருந்தாலும் அவை சிறகுகள்தான். அவை அடிக்கத் தொடங்கியபோது வந்த இரைச்சலில் பம்பைச் சத்தம் கேட்காமல் போயிற்று, குங்குமமும் விபூதியும் புகையாகக் கிளம்பின, பெண்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள், இளவஞ்சியின் முட்டி மெத்தையை விட்டு உயர்ந்தது. தகரக் கூரையின் விளிம்பைத் தாண்டி அவள் வெளியே வந்தாள். வண்டு பறப்பதுபோலத்தான் பறந்தாள், அழகாக இல்லை, கனத்து, ஒருபக்கம் சாய்ந்து, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு. இளந்தென்னையின் உயரத்துக்குப் போனாள். அங்கிருந்து அவள் தன் ஊரைப் பார்த்தாள், சாய்ந்த மரங்களையும் புதிதாக நட்ட கன்றுகளையும் அவற்றுக்கப்பால் ஒரு வெள்ளைக் கோடாகக் கடலையும் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கீழே நின்ற எல்லோரும் கேட்டார்கள்.

கையெடுத்துக் கும்பிட்டார்கள். அழுதார்கள். பிறகு, வரிசையில் வெகுதூரத்திலிருந்து வந்த ஒருத்தி, "அப்போ எங்க வேண்டுதல்?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

வைரக்கண்ணு மதியழகனைப் பார்த்தார். மதியழகன் கூட்டத்தில் நின்ற அல்லியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "கூப்பிடு. உங்கம்மாவைக் கூப்பிடு" என்றான். அல்லி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இவ்வளவு உயரத்தில் சிரிப்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். "கூப்பிடுடி" என்றான் மறுபடியும். அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். மதியழகன், முதலும் கடைசியுமாகத் தன் மகளை நோகவைத்தான்; பாவாடைக்குள் கையை விட்டு, தொடையில் சதையைத் திருகிக் கிள்ளினான். அல்லி துடித்துப்போய், "அம்மா!" என்று அலறினாள்.

இளவஞ்சி திரும்பினாள். பறக்கிற வண்டுக்குச் சட்டென்று திரும்பத் தெரியாது. இடது சிறகு கிழிசலில் பிய்ந்துகொண்டது, அவள் பக்கவாட்டில் சுழன்று, காற்றில் இரண்டு முறை கைகால் உதறி, கோயில் குளத்தின் படிக்கட்டருகே மணலில் வந்து விழுந்தாள். மல்லாந்து விழுந்தாள். கைகால் மேலே அசைந்துகொண்டிருந்தன, நிமிர முடியவில்லை.

பெண்கள்தான் முதலில் ஓடினார்கள். அவளைப் புரட்டி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முகம் துடைத்துவிட்டார்கள். வைரக்கண்ணுவின் மகள், கைப்பிள்ளையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, "பயப்படாதீங்க அக்கா, நாங்க இருக்கோம்" என்று சொல்லி அழுதாள். "என்னை விடுங்க, அதுவா மடியும், கொஞ்ச நேரம் விடுங்க" என்று இளவஞ்சி கெஞ்சினாள். ஆனால் எல்லோருக்கும் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, வெயிலோ கொளுத்திக்கொண்டிருந்தது, இத்தனை பேருக்கு முன்னால் ஒரு பெண் இப்படித் திறந்து கிடக்கக் கூடாதென்று அவர்களுக்குக் கூச்சமாகவும் இருந்தது. கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, மிகவும் பக்குவமாக, கல்யாணச் சேலையைப் பெட்டிக்குள் வைப்பதுபோல அந்தச் சிறகுகளை மடித்து உள்ளே திணித்தார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் அது கிழிகிற சத்தம் கேட்டது. சத்தம் கேட்டபோதெல்லாம், "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்றார்கள். மூடிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மேலே பட்டுத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள்.

சாயங்காலம் வரிசை நகர்ந்தது. தொலைவிலிருந்து வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? பறந்த தாயின் முதுகு என்பதால் அடுத்த வருஷம் கூட்டம் இன்னும் பெருகியது. அவளுக்கு வெள்ளிக் கவசம் செய்து சாத்தினார்கள். கவசத்தில் இரண்டு சிறகுகள் செதுக்கச் சொல்லி வைரக்கண்ணு மெனக்கெட்டு ஏற்பாடு செய்தார். மைமூன் ஒருமுறை வந்து, கவசம் கழற்றியிருந்த நேரமாகப் பார்த்து முதுகில் விரலை ஓட்டினாள். மேலிருந்து கீழே ஓட்டினாள், மறுபடியும் ஓட்டினாள், கோடு கிடைக்கவில்லை. முதுகு ஒரே பாளமாக இருந்தது. அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள், அந்தத் தோப்பு வாளிகளைப் பார்க்க அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆள் வந்தார்.

அல்லி அம்மாவிடம் பேசாமல் இல்லை. சாப்பாடு எடுத்துவந்தாள், தலை சீவிவிட்டாள், பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னாள். ஆனால் பேச்சைத் தொடங்கும்போது, "இங்க பாரு" என்றோ, "கேளேன்" என்றோ, சும்மா தோளைத் தொட்டோதான் தொடங்கினாள். அந்த ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது என்பது ஒரு சாயங்காலம், வாழையிலையில் சோற்றைப் பிசைந்து அல்லிக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போதுதான் இளவஞ்சிக்கு உறைத்தது.

"ஏண்டி, என்னை அம்மான்னு கூப்பிடவே மாட்டேங்கறியே?"

அல்லி அப்பா இருக்கிறாரா என்று வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, அவள் காதருகே வந்து ரகசியமாகச் சொன்னாள்: "கூப்பிட்டா நீ திரும்பிடுவே. அடுத்த தடவை நான் கூப்பிட மாட்டேன். அவரு கிள்ளினாலும் கூப்பிட மாட்டேன். நீ பாட்டுக்குப் போயிடு."

இளவஞ்சி மகளைப் பார்த்தாள். அடுத்த தடவை என்று ஒன்று இல்லை என்பதைச் சொல்ல வாயெடுத்தாள். பிள்ளையின் முகம் அத்தனை தீவிரமாக, அத்தனை நம்பிக்கையோடு இருந்தது. சோற்றை உருட்டி அவள் வாயில் வைத்தாள்.

"சரி" என்றாள். "கூப்பிடாதே."